லிம்பா சடங்கிசை: க்பாங்பானி ஒலிப்பதிவை இங்கே ஏற்றலாமா?

வடகாற்று:
வணக்கம். பழைய களப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியும். கொஞ்ச காலமாகக் காது மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற சியரா லியோனின் வடக்குப் பக்கம் போயிருக்கிறது. லிம்பா மக்களின் பாட்டு, ஆட்டம், கருவிகள். தமிழில் தேடினால் இதைப் பற்றி எதுவுமே கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, இந்த இசைக்குப் புதிதாக வருபவர்கள் எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று சிக்கலானது. நண்பர் ஒருவர் ஓர் ஒலிக்கோப்பு அனுப்பியிருக்கிறார். க்பாங்பானி என்ற ஆண்கள் சங்கம் இரவில் வெளியே வரும்போது, யாரோ ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு கைபேசியில் பதிந்ததாம். ஒரு குரல் எழுகிறது, கூட்டம் பதில் கொடுக்கிறது, பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. சங்கத்தில் சேராதவர்களுக்கு இது விலக்கப்பட்ட விஷயம் என்று படித்திருக்கிறேன். இன்னும் எங்கும் ஏற்றவில்லை. ஏற்றலாமா? உங்கள் கருத்து வேண்டும்.

மக்கேனிக்காரன்:
இந்த இழைக்காகவே காத்திருந்த மாதிரி இருக்கிறது. வேலை நிமித்தமாகச் சில வருஷம் அந்த நாட்டின் வடக்கில் மக்கேனி என்ற நகரத்தில் இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடம். சியரா லியோனில் டெம்னே, மெண்டே இரண்டும்தான் பெரிய இனங்கள். அடுத்த இடம் லிம்பாவுக்கு. நாட்டு மக்கள்தொகையில் சுமார் 8 சதவீதம். வடக்கே பொம்பாலி, கொய்னாடுகு, கம்பியா பக்கமெல்லாம் பரவி இருக்கிறார்கள். மக்கேனியிலிருந்து கபாலா போகிற சாலையில் கமாபாய் என்ற ஊர் வரும், அது ‘பிரிவா’ என்ற லிம்பா வட்டாரம். இன்னும் வடக்கே போனால் வாரா வாரா மலைகள், பஃபோடியா. அவர்கள் மொழி சுற்றியுள்ள எந்த மொழியோடும் நெருங்கிய உறவு இல்லாதது. மலைச்சரிவில் நெல் விதைப்பார்கள். பனங்கள் இறக்குவதில் நாடு முழுக்கப் பெயர் பெற்றவர்கள். கள்ளுக்கு அங்கே போயோ என்று பெயர். தலைநகர் ஃப்ரீடவுனில் மரம் ஏறுகிறவர் என்றாலே லிம்பாக்காரர் என்றுதான் நினைப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பலர் குழம்புகிறார்கள். ‘பாம் வைன் மியூசிக்’ என்று இணையத்தில் கிடைப்பது லிம்பா சடங்கிசை இல்லை. அது கிதார் வைத்துக் கடற்கரை நகரங்களில் வளர்ந்த பாட்டு. கள் இறக்குவது லிம்பாக்காரர் என்பதால் பாட்டும் அவர்களுடையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சடங்கு என்று பார்த்தால் எல்லாம் நெல்லின் பின்னால்தான் வரும். மே மாதவாக்கில் மழை பிடிக்கும், விதைப்பு. அக்டோபரிலிருந்து அறுப்பு. களஞ்சியம் நிறைந்த பிறகு, வறண்ட மாதங்களில்தான் சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் சங்கச் சடங்குகள், இறந்தவர்களுக்கான நினைவுச் சடங்குகள், பெரிய ஆட்டங்கள். விருந்தாளிகளுக்குச் சோறு போட முடியாத காலத்தில் யார் பறைகொட்டிக் கூப்பிடுவார்கள்?

க்பாங்பானி பற்றித் தனியாக எழுதுகிறேன்.

தாளக்கட்டு:
அருமை அண்ணா. கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். மேளம் எத்தனை வகை, சுரக்கருவி உண்டா?

லண்டன்வாசி:
கருவிகளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம், மக்கேனிக்கார அண்ணை திருத்தட்டும்.

லிம்பா என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வாறது குட்டுட்டெங். கட்டைவிரலால் மீட்டுகிற கருவி. மரத்தால் செய்த உடம்பின் மேல் இரும்புத் தகட்டு நாக்குகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். நாக்கின் ஒரு நுனி பிடிமானத்துக்குள், மறுநுனி சும்மா நிற்கும். கட்டைவிரலால் அழுத்தி விட்டால் துள்ளும். சியரா லியோனின் பொதுமொழியான கிரியோவில் இந்த வகைக் கருவிக்குக் கோண்டி என்று பெயர்.

அமெரிக்க மானுடவியலாளர் சைமன் ஓட்டன்பர்க் 1978 முதல் 1980 வரை வாரா வாரா பஃபோடியாவில் தங்கி வேலை செய்தவர். குட்டுட்டெங் வாசித்த மூன்று பேரின் வாழ்க்கையை அவர் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார், 1996இல் வந்தது. மூவருமே கண் தெரியாதவர்கள். கண் தெரியாதவனுக்கு மலைச்சரிவில் மண்வெட்டி பிடிக்கிறதும் கஷ்டம், மரம் ஏறுகிறதும் கஷ்டம். லிம்பா ஊரில் ஓர் ஆண்பிள்ளைக்கு மதிப்புத் தருகிற வேலை இந்த இரண்டும்தானே. அப்படியான மனிசர் இரவில் ஊர் நடுவே இருந்து வாசிக்க, சனம் சுற்றி நின்று பதில் பாடி ஆடினது. அந்த நேரத்துக்கு அந்த முற்றமே அவர்களுடைய கையில்.

அப்புறம் பலாஞ்சி. மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, கீழே சுரைக்குடுக்கை தொங்கவிட்டுத் தட்டுகிற கருவி. இது மாண்டிங்கோ, சூசூ, யாலுங்கா சனங்களிடமும் உண்டு. பெரிய மனிதர்களைப் புகழ்ந்து பாடுகிற பரம்பரைப் பாடகர்கள் மாண்டிங்கோ பக்கமிருந்து இதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வருவார்கள். தோல் மேளம், குடைந்த மரத்துண்டில் பிளவு விட்டுக் கம்பால் தட்டுகிற மரமேளம், குலுக்குகிற சுரைக்குடுக்கை இவையெல்லாம் நாடு முழுக்க உண்டு. வலையில் மணி கோர்த்துச் சுரைக்குடுக்கையைச் சுற்றிக் கட்டின செகுரே அநேகமாகப் பெண்கள் கையில்தான் இருக்கும்.

தாளக்கட்டு:
பலாஞ்சி பற்றி ஒரு குறிப்பு, இசை படிக்கிறவர்களுக்குப் பயன்படும். மாண்டிங்கோ மரபுக் கட்டைக்கருவிகளில் ஒரு ஸ்தாயியை ஏழு சம பங்காக வெட்டுவார்கள் என்று படித்திருக்கிறேன். செண்ட் என்பது சுர இடைவெளியை அளக்கிற அலகு. ஸ்தாயிக்கு 1,200 செண்ட் என்றால் ஒரு படி சுமார் 171 செண்ட். இரண்டு படி ஏறினால் 343. நம் சாதாரண காந்தாரம் 316 பக்கத்தில் நிற்கும், அந்தர காந்தாரம் 386. ரெண்டுக்கும் நடுவில் போய் உட்காருகிறது இந்தச் சுரம். நான்கு படி ஏறினால் 686, சுத்தமான பஞ்சமத்துக்கு 16 செண்ட் குறைவு.

முதல் தடவை கேட்கும்போது சுருதி விலகியிருக்கிறது என்று காது முரண்டு பிடிக்கும். சுருதி விலகவே இல்லை. எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் பாட்டின் உருவம் மாறாமல் வரும்படி கணக்காகச் செதுக்கியிருக்கிறார்கள். பாடகர் தன் குரலுக்கு வசதியான இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். பத்து நிமிஷம் விடாமல் கேட்டால் காது அங்கே குடியேறிவிடும்.

வடகாற்று:
இரைச்சலைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். கோண்டிப் பதிவுகளில் ஒவ்வொரு சுரத்தோடும் ஒரு ‘ஸ்ஸ்ர்ர்’ ஒட்டிக்கொண்டு வருகிறது. பதிவு பழசு என்பதால் வருகிற இரைச்சலா?

தாளக்கட்டு:
இல்லை, அது வேண்டுமென்றே வைத்தது. தகட்டில் சின்னச் சின்ன வளையங்களைத் தொங்கவிட்டுக் கருவியோடு பிணைத்திருப்பார்கள். நாக்கு அதிர்ந்ததும் வளையங்களும் சேர்ந்து நடுங்கும். தம்புராவில் ஜீவாளி நூல் செய்கிற வேலைதான். வளையத்தைக் கழற்றிவிட்டால் சுரம் மட்டும் கேட்கும், ஆனால் தள்ளி இருப்பவர் காதுக்கு அவ்வளவு எடுப்பாகப் போய்ச் சேராது. பலாஞ்சியின் குடுக்கைகளிலும் ஒரு ஓட்டை போட்டு மெல்லிய சவ்வு ஒட்டுவார்கள். முன்பு சிலந்தி முட்டைக்கூட்டின் சவ்வு, இப்போது தாளோ பிளாஸ்டிக்கோ.

மக்கேனிக்காரன்:
சொன்னபடி க்பாங்பானி.

இது லிம்பா ஆண்களின் சங்கம். பக்கத்து லோக்கோ மக்களிடமும் உண்டு. காட்டில் சடங்கு முடித்தவன்தான் உறுப்பினன். அது வெளியே வருகிற இரவில் பெண்கள், குழந்தைகள், சேராத ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னல் சாத்திக்கொள்ள வேண்டும். மக்கேனியில் நான் இருந்த வீட்டுக் காவலாளி லிம்பாக்காரர். ஒரு நாள் சாயங்காலம் சமையல் செய்ய வந்த அம்மாவைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வராந்தா விளக்கை அணைத்து, என்னிடம் வந்து ‘ஐயா, இன்னைக்கு ராத்திரி ஜன்னல் பக்கம் நிக்காதீங்க’ என்கிற மாதிரி கிரியோவில் சொன்னார். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. மழை வருது, துணியை எடுங்க என்று சொல்கிற தொனிதான். நான் உள்ளே போய்விட்டேன்.

என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவர் என்னை நம்பிச் சொன்னார், அதற்கு மரியாதை இருக்கிறது. அதனால் வடகாற்றுக்கு என் பதில்: ஏற்ற வேண்டாம்.

செங்காந்தள்:
மக்கேனிக்கார அண்ணா, உங்கள் மரியாதையை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அந்தச் சாயங்காலத்தில் இன்னொருவர் இருக்கிறார், சமையல் செய்ய வந்த அம்மா. உங்களுக்கு அது ஒரு ராத்திரி விஷயம், ஊர் திரும்பிவிட்டீர்கள். அவருக்கு அது ஆயுள் முழுக்க. அன்றைக்கு அவர் மகளுக்குப் பிரசவ வலி எடுத்திருந்தால் எந்தக் கதவைத் திறந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்?

பண்பாடு என்றதும் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். ஒரு ஊரின் பாதிப் பேரை உள்ளே வைத்துப் பூட்டுகிற சத்தத்துக்கு வெளியாட்களாகிய நாமும் ஏன் காவல் நிற்க வேண்டும்? நான் ஏற்றலாம் என்றே சொல்வேன்.

கானல்:
+1 செங்காந்தள் அக்கா.

மக்கேனிக்காரன்:
நியாயமான கோபம் தங்கச்சி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பெண்களுக்கும் அங்கே போண்டோ என்ற தனிச் சங்கம் இருக்கிறது. அவர்கள் காட்டுக்குள் இருக்கும்போது எந்த ஆணும் அந்தப் பக்கம் போக முடியாது, அவன் ஊர்த்தலைவனாக இருந்தாலும் சரி. சடங்கு முடிந்து பெண்கள் வெளியே வருகிற நாளில் ஊர் முழுக்க அவர்கள் பாட்டுத்தான். வெண்களிமண் பூசின முகம், தோளோடு தோள் சேர்ந்த வரிசை, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஆண்கள் ஓரமாக நிற்போம்.

செங்காந்தள்:
போண்டோவில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள் அண்ணா, பாட்டை மட்டும் சொன்னால் பாதிதான். சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டுகிற சடங்கு அது. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 83 சதவீதம் பேர் வெட்டப்பட்டவர்கள். வெளியே கேட்கிற அந்தப் பாட்டும் மேளமும் உள்ளே அழுகிற குழந்தையின் சத்தத்தை மறைக்கவும் செய்கின்றன.

அதற்காகப் பாட்டையே வெறுக்கச் சொல்லவில்லை. சியரா லியோன் பெண்களே இதற்கு வழி தேடுகிறார்கள். கத்தி இல்லாத போண்டோ என்று சில ஊர்களில் நடத்துகிறார்கள். காட்டுக்குப் போவது, மூத்த பெண்களிடம் பாட்டும் ஆட்டமும் கற்பது, மூலிகை, வீட்டு நிர்வாகம், வெளியே வரும் நாளின் கொண்டாட்டம் எல்லாம் அப்படியே இருக்கும். வெட்டுவது மட்டும் கிடையாது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. பாட்டும் கத்தியும் ஒட்டிப் பிறந்தவை இல்லை என்று அந்த ஊர்ப் பெண்களே காட்டுகிறார்கள்.

லண்டன்வாசி:
செங்காந்தள் சொன்ன விஷயத்தில் ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை.

பதிவு ஏற்றுகிற கேள்விக்கு வாறன். இது புதுக் கேள்வி இல்லை. 1914-15இல் பிரித்தானிய அரசு நார்த்கோட் தாமஸ் என்ற மானுடவியலாளரை சியரா லியோனுக்கு அனுப்பினது. அவர் மெழுகு உருளையில் பாட்டும் பேச்சும் பதிந்துகொண்டு வந்தார். உருளை ஒன்றில் சில நிமிஷம்தான் பிடிக்கும். இரவு முழுக்க நடக்கிற பாட்டில் ஒரு நறுக்கு. அவை இப்போது பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. ஆட்சி செய்கிறவனின் ஆள் பெட்டியோடு வந்து நின்று பாடு என்றால், பாடினவர் விரும்பித்தான் பாடினாரோ, யாருக்குத் தெரியும்?

அதோடு ஒப்பிட்டால் ரூத் ஃபினகன் வேறு மாதிரி. 1960களின் தொடக்கத்தில் லிம்பா ஊர்களில் தங்கி, மொழி படித்து, கதைகளும் பாட்டுகளும் நாடாவில் பதிந்தவர். லிம்பாக் கதை என்றால் நடுநடுவே பாட்டு வரும். கதைசொல்லி ஒரு அடி எடுப்பார், கேட்டுக்கொண்டு இருக்கிற சனம் பதில் அடியைப் பிடித்துக்கொள்ளும். பாட்டு சரியாக வராவிட்டால் கதையும் படுத்துவிடும். அந்தப் பதிவுகளைக் கேம்பிரிட்ஜில் தொடங்கின உலக வாய்மொழி இலக்கியத் திட்டத்தின் வழியே இணையத்திலும் கொடுத்திருக்கிறார்கள். பாடினவர்களுக்கு நாடா ஓடுவது தெரியும். தெரிந்துதான் பாடினார்கள். வடகாற்று தம்பி, உங்களிடம் இருக்கிற கோப்பில் பாடுகிறவர்களுக்கு அது தெரியுமோ?

வடகாற்று:
தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து எடுத்தது.

தாளக்கட்டு:
கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், மன்னிக்கவும். சடங்கிசை என்றதும் சங்கம், இரகசியம் என்றே போகிறோம். வயல் பாட்டு என்ன ஆச்சு? அதுவும் சடங்குக்குப் பக்கத்தில் வருவதுதானே.

மக்கேனிக்காரன்:
நல்லவேளை கேட்டீர்கள். எனக்கு லிம்பா இசையில் ஆகப் பிடித்தது அதுதான்.

மலைச்சரிவில் காட்டை வெட்டி, எரித்து, சாம்பல் மண்ணில் விதையைத் தூவிவிடுவார்கள். தூவின விதையைப் பறவை பொறுக்குவதற்குள் மண்ணைக் கொத்தி மூட வேண்டும். ஒருவரால் ஆகிற காரியமா? இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து முறைவைத்து ஒவ்வொருவர் வயலுக்கும் போவார்கள். சரிவின் அடியில் ஒரே வரிசையாக நிற்பார்கள், கையில் குட்டைப் பிடி மண்வெட்டி. மேளக்காரர்கள் கூடவே நிற்பார்கள். அவர்கள் கையில் மண்வெட்டி இருக்காது, ஆனால் வேலை ஓடுவது அவர்களால்தான். மேளம் விழுகிற இடத்தில் எல்லா மண்வெட்டியும் விழும். வரிசை அப்படியே மேலே ஏறும். பாட்டுக்காரர் நன்றாகக் கொத்துகிறவன் பெயரை எடுத்துப் பாட்டில் வைப்பார். பெயர் வந்துவிட்டால் அந்தப் பையன் முதுகு நிமிர மாட்டான்.

நான் பார்த்தது ஒரு சரிவின் கடைசிப் பகுதி. மேளக்காரர் வரிசைக்கு முன்னால் வந்து, கொத்துகிறவர்களுக்கு முகம் காட்டி, பின்பக்கமாகவே மேடு ஏறிக்கொண்டிருந்தார். கால் எங்கே வைக்கிறோம் என்று ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சரிவில் எரிந்த கட்டைகள் கிடக்கின்றன, காலால் தடவித் தடவியே தாண்டுகிறார். கையில் அடி பிசகவில்லை. வரிசையில் ஓரத்துப் பையன் பின்தங்கினதும் நேராக அவன் முன்னால் போய் நின்று, அடியை இரட்டித்தார். அவ்வளவுதான், பையன் வரிசையோடு சேர்ந்துவிட்டான்.

அறுப்புக்குப் பிறகு கதிரடிக்கிற போதும் இப்படித்தான். கம்பு பிடித்த இளைஞர்கள் பாட்டுக்கு மிதித்து, பாட்டுக்கு அடித்து, களத்தைச் சுற்றி நகர்வார்கள். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேட்கலாம். பதிந்தால் சந்தோஷப்படுவார்கள்.

கானல்:
ஆட்டத்தைப் பற்றி யாருமே எழுதவில்லையே. தேசிய நடனக் குழு ஒன்று இருந்ததாமே?

லண்டன்வாசி:
இருந்தது. விடுதலைக்குப் பிறகு, 1963 வாக்கில் ஜான் ஆக்கர் தொடங்கினது. அந்த நாட்டின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவரும் அவர்தான். பல இனங்களின் ஆட்டங்களை ஒரே மேடையில் சேர்த்து, 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சி வரைக்கும் கொண்டு போனார்கள். புதிதாகப் பிறந்த நாட்டுக்கு அது பெரிய பெருமை. ஆனால் மேடைக்கு ஏறினதும் ஆட்டம் சுருங்கும். இரவு முழுக்க ஆடுவதைப் பத்து நிமிஷமாக்க வேண்டும், எல்லோரும் பார்வையாளரைப் பார்த்து நிற்க வேண்டும்.

ஊரில் சிறுவர்கள் காட்டுக்குப் போவதற்கு முன் ஆடுகிற ஆட்டம் அப்படி இல்லை. நடுவில் மேளம், சுற்றி ஆட்டம், அதைச் சுற்றி உறவுக்காரர். தாய்மாமன் வந்து காசு வைப்பார், அத்தைமார் குலவையிட்டு உள்ளே வருவார்கள். பையன் எவ்வளவு நேரம் தளராமல் ஆடுகிறான் என்பதை வைத்துத்தான் இவன் நாளைக்கு ஆம்பிளையாக நிற்பானா என்று பெரியவர்கள் பார்ப்பது. முகம் காட்டி ஆடினால் இதெல்லாம் எங்கே நடக்கும்?

மக்கேனிக்காரன்:
உடுப்பையும் சொல்லுங்கள் அண்ணை. ரோங்கோ என்ற அங்கி. கையால் நூற்ற பஞ்சில் நீள நீளப் பட்டையாக நெய்து, பட்டைகளை ஒன்றோடு ஒன்று தைத்து, செம்பழுப்புச் சாயத்தில் முக்குவார்கள். போர்வீரர்களும் வேட்டைக்காரர்களும் தலைவர்களும் போட்டது, உடம்பைக் காக்கும் என்று நம்பிக்கை. விழா நாளில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் நாலு அடி ஆடினால் போதும், மேளக்காரர்கள் எழுந்து நின்று வாசிப்பார்கள்.

கானல்:
இவ்வளவும் இப்போதும் நடக்கிறதா? போர் நடந்த நாடாயிற்றே.

மக்கேனிக்காரன்:
1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். ஊர்கள் காலியாகின. மேளம் அடித்தால் ஊர் இருக்குமிடம் தெரிந்துவிடும் என்ற பயத்தில் யார் கொட்டுவார்கள்? பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. 2014இல் எபோலா. ஏறத்தாழ 4,000 பேர் போனார்கள். கூட்டம் கூடக் கூடாது, சங்கச் சடங்கு நடத்தக் கூடாது, அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்குக் கூடத் தடை. பிணத்தைக் கழுவக் கூடாது, பாதுகாப்பு உடை போட்டவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். நோயைத் தடுக்க அது தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பனுக்கு ஒரு பாட்டு கூடப் பாடாமல் அனுப்பிவிட்டோம் என்று சொல்லிச் சொல்லி அழுதவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்போது நடக்கிறது. ஃப்ரீடவுனுக்குப் போனவர்கள் அங்கேயும் கொண்டுபோயிருக்கிறார்கள். லோக்கோ இனத்தைச் சேர்ந்த, கண் தெரியாத சோரி கோண்டி என்ற கலைஞர் தன் கருவியின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டு, ஃப்ரீடவுன் தெருவில் ஒலிபெருக்கியோடு வாசித்து, வெளிநாட்டு மேடை வரை போனார். கேட்டுப் பாருங்கள்.

செங்காந்தள்:
இழையை முழுக்கத் திரும்பப் படித்தேன். க்பாங்பானி விஷயத்தில் எல்லோரும் ஒன்றைக் கவனிக்காமல் போகிறோம் என்று தோன்றுகிறது.

கதவைச் சாத்தச் சொல்வது பார்க்கக் கூடாது என்பதற்காக. கேட்கக் கூடாது என்பதற்காக இல்லை. கேட்கவே கூடாது என்றால் காட்டுக்குள்ளேயே நடத்திவிட்டுப் போகலாமே, ஊருக்குள் ஏன் வர வேண்டும்? ஊருக்குள் வந்து அவ்வளவு சத்தமாகப் பாடுவது உள்ளே இருப்பவர்கள் காதில் விழ வேண்டும் என்றுதான். அந்த இசைக்கு ரசிகர்கள் யார் என்று கேட்டால், சாத்திய கதவுக்குப் பின்னால் இருக்கிற பெண்களும் பிள்ளைகளும்தான். பார்க்க முடியாமல் கேட்பதால்தான் அந்தச் சத்தம் பெரிதாகிறது.

அப்படியானால் வடகாற்றின் நண்பர் அனுப்பினது இரகசியப் பதிவு இல்லை. உள்ளே இருப்பவரின் காதுக்கு என்ன வந்ததோ அதுதான் அதில் இருக்கிறது. அதை எடுத்தவர் ஒரு பெண்ணாக இருக்கலாம். அவர் எதற்காகப் பதிந்தார் என்று யாராவது கேட்டோமா? பாடினவர்களின் சம்மதத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம், கேட்டவரின் பக்கத்தையும் பேச வேண்டும்.

லண்டன்வாசி:
இப்படி நான் யோசிக்கவே இல்லை, பிள்ளை. நீங்கள் சொல்வது சரி.

ஆனால் அதே காரணத்துக்காகத்தான் ஏற்ற வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. அந்தச் சத்தத்தை ஆக்கினது பாதி பாடினவர்கள், பாதி அந்தக் கதவு. நாங்கள் பேருந்தில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு கேட்டால் கதவும் இல்லை, பயமும் இல்லை, நாளைக்குக் காலையில் அதே ஊரில் எழும்ப வேண்டிய தேவையும் இல்லை. உள்ளே இருந்து பதிந்தவர் யாரோ, அவர் சொல்லட்டும். அவருடைய குரல் இல்லாமல் கோப்பு மட்டும் சுற்றினால் அவருக்கும் ஆபத்து வரலாம், ஊர் சின்னது, எந்த வீடு என்று கண்டுபிடிக்க ஒரு நாய்க்குரைப்பு போதும்.

ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்களின் பதிவுகளைக் காக்கிற தேசிய நிறுவனத்தில், ஆண்கள் மட்டும் கேட்கலாம், பெண்கள் மட்டும் கேட்கலாம் என்று கட்டுப்பாட்டோடு வைத்திருக்கிற பதிவுகள் உண்டு. அழிக்கவும் இல்லை, திறந்தும் விடவில்லை.

செங்காந்தள்:
பதிந்தவருக்கு ஆபத்து என்ற காரணத்தை ஏற்கிறேன். அது ஒன்றுக்காக மட்டும். மற்றபடி சங்கத்தின் விதி நம்மைக் கட்டுப்படுத்தாது என்பதில் நான் மாறவில்லை. நாளைக்கு ஒரு லிம்பாப் பெண் தானே அந்த ஒலியை வெளியிட்டு ‘நான் கேட்டு வளர்ந்தது இது’ என்று எழுதினால் முதலில் பகிர்வது நானாகத்தான் இருப்பேன்.

நெறியாளர்:
விவாதம் நாகரிகமாகப் போவதற்கு நன்றி. களத்தின் முடிவு: க்பாங்பானி கோப்பை இங்கே ஏற்ற வேண்டாம், தனிமடலிலும் கேட்க வேண்டாம். பதிந்தவர் யார், சம்மதம் உண்டா என்று தெரியாத எந்தச் சடங்குப் பதிவுக்கும் இதுவே விதி. வெளிப்படையான ஆட்டம், வயல் பாட்டு, கதைப்பாட்டு, கருவி இசைக்கு இணைப்பு தாராளமாகக் கொடுக்கலாம்.

வடகாற்று:
ஏற்கிறேன். நண்பரிடம் கோப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்கிற வரிசை: முதலில் ஃபினகன் பதிந்த கதைப்பாட்டுகள். மொழி புரியாவிட்டாலும் கூட்டம் எங்கே பதில் பிடிக்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் சோரி கோண்டி. அதன் பிறகு பலாஞ்சி, தாளக்கட்டு சொன்ன கணக்கோடு.

தாளக்கட்டு:
கடைசியாக ஒரு கேள்வி. குட்டுட்டெங் சுருதி சேர்ப்பது எப்படி? ஒன்று செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மக்கேனிக்காரன்:
நாக்கின் நீளம்தான் சுருதி. பிடிமானத்துக்குள் தள்ளினால் வெளியே நிற்கிற பகுதி குறையும், சுரம் ஏறும். இழுத்தால் இறங்கும். சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டித்தான் நகர்த்துவார்கள், கையால் தள்ளினால் அசையாது. நாக்குக்குப் பழைய குடைக்கம்பி, சைக்கிள் ஆரக்கம்பி எதுவானாலும் சரி, தட்டையாக அடித்துக்கொள்ளுங்கள். நுனியை அரத்தால் நன்றாக மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் கட்டைவிரல் கிழிந்துவிடும். முதல் தடவை ஐந்து நாக்கு போதும்.